எடை மெஷினிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. வயது 34, உயரம் 160 செ.மீ. எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை ஆகி 8 மாதம். அன்று 118 கிலோ, இன்று 86. கடைசி 24 நாளாக எண் அசையவில்லை. காலையில் எழுந்ததும், பாத்ரூம் போய் வந்ததும், சாப்பிடும் முன், படுக்கும் முன் என்று நாளைக்கு நாலைந்து தடவை மெஷினில் ஏறி நிற்கிறீர்கள். 200 கிராம் கூடியிருந்தால் அன்று யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. கணவர் மெஷினைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். நீங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போய் அங்கே ஏறினீர்கள். கேள்வி இரண்டு: ஆபரேஷன் வீணாகிவிட்டதா? மெஷினைத் தலைமுழுகிவிடலாமா?

இரண்டுக்கும் என் பதில் ‘இல்லை’தான். உணவியல் நிபுணராக, எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களோடு 15 வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவமனைக்கு வெளியே அவர்கள் அதிகம் பழகுவது டாக்டரோடும் இல்லை, என்னோடும் இல்லை. குளியலறை வாசலில் கிடக்கும் அந்தக் கண்ணாடிப் பலகையோடுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கவனித்தேன். உங்கள் கேள்வியில் 86 என்ற எண் ஏழு இடத்தில் வருகிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, பி.பி. மாத்திரை பாதியாகிவிட்டது, குறட்டை போய்விட்டது என்ற மூன்று செய்தியும் கடைசியில் ஒரே வரியில், அதுவும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. எட்டு மாதத்தில் உங்கள் உடம்பில் நடந்த பெரிய காரியங்கள் அவைதான். மெஷினால் காட்ட முடியாது என்பதால் அவை உங்கள் கண்ணிலும் சின்னதாகிவிட்டன.

24 நாள் நின்றதற்கு வருகிறேன். அறுவைக்குப் பிறகு எடை படிக்கட்டு மாதிரி இறங்கும், சறுக்குமரம் மாதிரி இறங்காது. முதல் தேக்கம் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் வரும். உங்களுக்கும் வந்திருக்கும், நினைவிருக்காது. நம் ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சுமார் அரை கிலோ இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். திரவ உணவு நாட்களில் அது காலியாகும்போது தண்ணீரும் சேர்ந்து போவதால் எடை மளமளவென்று இறங்குகிறது. பிறகு உடம்பு கொஞ்சம் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்போது, உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும், எண் அப்படியே நிற்கும்.

எட்டாம் மாதத் தேக்கத்துக்குக் காரணம் வேறு. 32 கிலோ குறைந்த உடம்புக்கு எரிபொருள் குறைவாகவே போதும். முன்பு மாடிப்படி ஏறும்போது இன்றைய உங்களோடு ஒரு பத்து வயதுப் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினீர்கள். அந்தச் சுமை இப்போது இல்லை. இன்னொரு பக்கம், இரண்டாம் மாதத்தில் கால் இட்லியில் நிறைந்த இரைப்பை இப்போது இரண்டு இட்லியை ஏற்கிறது. வீக்கம் வடிந்து அது நிதானத்துக்கு வந்துவிட்டது. வரவும் செலவும் நெருங்கும் இடத்தில் எடை நிற்கும். இதில் கோளாறு எதுவும் இல்லை. போன மாதத்திலிருந்து ஜிம்முக்குப் போவதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வேலை செய்யும் தசை, கிளைகோஜனையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும். இடுப்பளவு குறைந்து, எடை அப்படியே நிற்கும் மாதங்கள் இவை. டேப் வைத்து அளந்தீர்களா என்று உங்கள் கேள்வியில் தேடிப் பார்த்தேன், இல்லை.

இனி அந்த 200 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம். குடித்துவிட்டு ஏறினால் உடனே காட்டும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் 800 கிராம் கூடியதாக அழுதிருக்கிறீர்கள். மருத்துவமனையில் ஏற்றும் நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கும். உடம்பின் திரவமும் ஏறக்குறைய அந்த உப்பு அளவில்தான் இருக்க விரும்பும். சாம்பார், அப்பளம், ஊறுகாய் என்று ஒரு நாள் 5, 6 கிராம் உப்பு கூடுதலாகப் போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே தங்கும். 800 கிராமில் பெரும்பகுதிக்குக் கணக்கு முடிந்தது. அது கொழுப்பாக இருக்க முடியுமா என்று மறுபக்கமிருந்தும் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7700 கலோரி மிச்சமாக வேண்டும், 800 கிராமுக்கு 6000-க்கு மேல். ஒரு இட்லி 50 கலோரி என்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஒரே நாளில் 120 இட்லி. இரண்டு இட்லியில் நெஞ்சடைக்கும் வயிற்றில்! இனி எண் கூடிய காலைகளில் இந்த 120 இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், இரவு நேரம் கழித்துச் சாப்பிட்டது, பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து வந்தது என எல்லாமே ஒன்றிரண்டு கிலோவை இப்படியும் அப்படியும் ஆட்டும். அறுவை முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய் மெஷினில் ஏறி, இரண்டு கிலோ கூடியிருக்கிறதே என்று பதறிப்போய் போன் செய்பவர்கள் உண்டு. நரம்பு வழியாக ஏற்றிய திரவத்தின் எடை அது.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நான்கு கால்களிலும் அழுத்தத்தை உணரும் சின்ன உணரிகள் இருக்கின்றன. தரை கடினமாகவும் சமமாகவும் இருந்தால்தான் அவை சரியாகச் சொல்லும். கால்மிதியின் மேலோ, பாத்ரூம் வாசலின் சரிவிலோ வைத்தால் எண் மாறும். உங்கள் வீட்டு மெஷினும் மெடிக்கல் ஷாப் மெஷினும் எங்கள் கிளினிக் மெஷினும் மூன்று எண் சொல்லும். சேலை, செருப்பு, கைப்பை கணக்கு வேறு. ஒரு மெஷினின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டுக் கண்ணீர் விடுவதில் அர்த்தமே இல்லை. சில மாடல்கள் கடைசியாகக் காட்டிய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை சதவீதம் என்று சொல்லும் மெஷின்கள், காலடியில் மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, வந்த தடையை வைத்துக் கணக்குப் போடுகின்றன. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கணக்கு தடுமாறும். வேகமாக எடை இழக்கும் காலத்தில் அந்தச் சதவீதங்களைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

அந்தப் பலகைக்குத் தெரிந்தது உங்கள் மொத்தக் கனம் மட்டும்தான். கொழுப்பு, தசை, எலும்பு, தண்ணீர், காலையில் போகாத மலம், தொங்கும் தோல் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும். அதில் எது கூடியது, எது குறைந்தது என்று அதற்குத் தெரியாது. ஆனால் நீங்கள் அதனிடம் கேட்பது வேறு கேள்வி: ‘நான் நல்லவளாக இருந்தேனா? நேற்று கட்டுப்பாடாக இருந்தேனா? இந்த ஆபரேஷனுக்குச் செலவழித்த பணத்துக்கு நான் தகுதியானவளா?’

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரயில்வே ஸ்டேஷனில் கலர் பல்பு மின்னும் எடை மெஷின் இருக்கும். நாணயம் போட்டால் கெட்டி அட்டையில் டிக்கெட் விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். ‘நீங்கள் இளகிய மனம் படைத்தவர்’ என்பது போல ஒரு வரி. எடையும் தலையெழுத்தும் ஒரே அட்டையில் அச்சாகும் என்று பழகி வளர்ந்த தலைமுறை நாங்கள். உங்கள் வீட்டு மெஷின் எண்ணை மட்டும்தான் காட்டுகிறது. அட்டையின் மறுபக்கத்தைத் தினம் நாலு தடவை நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள்.

இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு இறுகிவிட்டது என்பது எனக்குப் புரிகிறது. அறுவைக்கு வரும் பெரும்பாலோர் அதற்கு முன் பல வருடம் மெஷின் பக்கமே போயிருக்க மாட்டார்கள். டாக்டர் எடை பார்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். பிறகு அறுவை. முதல் ஆறு மாதம் ஏறும்போதெல்லாம் ஒரு பரிசு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எண் உங்கள் பக்கம் நிற்கிறது. இதே காலத்தில் சாப்பாடு என்ற ஆறுதலும் கையைவிட்டுப் போயிருக்கிறது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் அதில் போகிறது. கோபம் வந்தால் மிக்சர், அழுகை வந்தால் பால்கோவா என்றிருந்தவருக்கு அந்த இடம் காலி. அந்தக் காலி இடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அது தினமும் பரிசு தருவதில்லை, எப்போதாவதுதான் தருகிறது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் மனிதரைத் திரும்பத் திரும்ப இழுக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குபவரைக் கேளுங்கள். உங்களுக்கு மனவலிமை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இது எந்த மனித மூளைக்கும் நடக்கும்.

சுற்றியிருப்பவர்கள் வேறு உதவுவதில்லை. மாமியார் ‘என்னம்மா இது, முகமெல்லாம் வத்திப் போச்சே’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் ‘இளைச்சுட்டியே’ என்பது பாராட்டு இல்லை, விசாரணை. அடுத்த கேள்வி ‘சுகரா?’ என்பதாகத்தான் இருக்கும். ‘பூசினாப்ல’ இருப்பதுதான் சௌக்கியத்தின் அடையாளம். ஆபரேஷன் செய்ததைச் சொன்னால் ‘கஷ்டப்படாம குறைச்சுட்டா’, சொல்லாவிட்டால் ‘என்னமோ நோயி’. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், ‘நீ சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாய்’ என்று சொல்ல ஒரு சாட்சியைத் தேடுவது இயல்பு. ஆனால் உங்கள் சாட்சி பாதி நாள் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறது.

இனி நீங்கள் மனதில் வைத்திருக்கும் 58 கிலோ. 160 செ.மீ. உயரத்துக்கு, இந்தியர்களுக்குச் சொல்லப்படும் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23-க்குக் கீழே என்று பார்த்தால் 58 வருகிறது, சரிதான். ஆனால் 118-லிருந்து 58 என்றால் உடம்பில் பாதிக்கு மேல் போக வேண்டும். ஸ்லீவில் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாகப் போவது மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம். நீங்கள் 8 மாதத்திலேயே 27 சதவீதத்தில் நிற்கிறீர்கள். நல்ல மாணவி முதல் வகுப்பு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றுவிட்டேன் என்று அழுவதைப் போல இருக்கிறது எனக்கு. இன்னும் ஐந்தாறு கிலோ இறங்கலாம், அதற்கு மேலும் இறங்கலாம். 58 வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அறுவைக்கு முன்பே யாராவது உங்களை உட்காரவைத்து இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் இன்னும் வலிக்கும். அடிமட்டத்தைத் தொட்ட எடை கொஞ்சம் ஏறும், ஏறக்குறைய எல்லோருக்கும். சுவீடனில் 1987-ல் தொடங்கி அறுவை செய்துகொண்ட 2010 பேரையும் செய்துகொள்ளாத 2037 பேரையும் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். அறுவைக் குழுவின் சராசரி எடை இழப்பு இரண்டாம் வருடம் 23 சதவீதம், பத்தாம் வருடம் 17, இருபதாம் வருடம் 18. அன்றைக்கு அங்கே செய்தவை பெரும்பாலும் பழைய முறை அறுவைகள், ஸ்லீவ் இல்லை. ஸ்லீவையும், இன்னொரு எடைக்குறைப்பு அறுவையான இரைப்பை பைபாஸையும் ஒப்பிட்டு பின்லாந்தில் 240 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குப் பத்து வருடம் கழித்து, அதிகப்படி எடையில் சராசரியாக 43.5 சதவீதம் குறைந்திருந்தது. பி.எம்.ஐ. 25-க்கு மேலே உள்ளதை அதிகப்படி எடை என்று வைத்து உங்கள் எண்களுக்குப் போட்டால் சுமார் 94 கிலோ வரும். சராசரி உங்கள் தலையெழுத்து இல்லை. அதைவிட நன்றாகவே இருப்பவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஆனால் 86-லிருந்து 89 ஆகும் ஒரு நாளில் உலகம் இடிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சுவீடன் ஆய்வில் சராசரியாக 11 வருடம் பார்த்தபோது, எடை கொஞ்சம் திரும்பியிருந்த அதே அறுவைக் குழுவில் இறந்தவர்கள் 101 பேர், மற்ற குழுவில் 129. ஏறிய கிலோக்கள் அந்த லாபத்தை அழித்துவிடவில்லை.

அப்படியானால் மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்பீர்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பெண், இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. சந்தோஷத்தில் மிதந்தார். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை, வைட்டமின் மாத்திரையும் உள்ளே தங்கவில்லை. கால் மரத்து, நடை தள்ளாடி வந்து சேர்ந்தபோது தயமின் என்ற பி1 வைட்டமின் கடுமையாகக் குறைந்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கும். ஊசி மருந்தில் தேறினார், நடை சரியாகப் பல மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் மெஷின் அவரைப் பாராட்டிக்கொண்டே இருந்தது. கெட்ட காரணத்தால் குறையும் எடையும் அதற்கு நல்ல எண்தான்.

இன்னொருவர், சொந்தமாக லாரி வைத்து ஓட்டுபவர். மூன்றாம் வருடம் 5 கிலோ ஏறியதும் வெட்கப்பட்டு மெஷினை மச்சினன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். எங்களிடம் வருவதையும் நிறுத்திவிட்டார். திரும்ப வந்தபோது 22 கிலோ ஏறியிருந்தது, சர்க்கரை மாத்திரையும் திரும்ப ஆரம்பித்திருந்தது. 5 கிலோவில் வந்திருந்தால், ராத்திரி ஓட்டத்தில் குடிக்கும் இனிப்புப் பாலையும் கடலை மிட்டாயையும் பேசி முடித்திருப்போம். ‘உங்க முகத்துல எப்படி மேடம் முழிக்கிறது’ என்றார். அந்த வாக்கியம் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. எடை ஏறினால் வரக் கூடாத இடமாக எங்கள் அறை அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதில் என் பங்கும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எடை பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் எண்ணை எழுதிக்கொள்ளப் பழகினேன். குறைந்தாலும் ‘சபாஷ்’ சொல்வதில்லை. முதலில் ‘எத்தனை தடவை வாந்தி, எத்தனை முட்டை சாப்பிட்டீங்க’ என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்காவில் 1994-ல், குறைத்த எடையை நெடுநாள் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். அது அறுவை செய்துகொண்டவர்களுக்கான பதிவேடு இல்லை, ஆனால் என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. பார்க்காமல் இருப்பது ஆபத்து. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்பது வேறுவகை ஆபத்து.

வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம். காலையில் வெளிக்கிப் போய் வந்த பிறகு, காபிக்கு முன்பு, அதே நைட்டியோடு. மெஷின் எப்போதும் டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில். எண்ணை நோட்டில் எழுதி மூடிவிடுங்கள், போன வார எண்ணைப் பார்க்காதீர்கள். நாலு வாரம் சேர்ந்ததும் நான்கையும் கூட்டி நாலால் வகுத்து, முந்தைய நாலு வாரச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். மாதவிடாய் வாரத்தின் உப்பும் தண்ணீரும் இதில் அடிபட்டுப் போகும். இறங்குகிறதா, நிற்கிறதா, ஏறுகிறதா என்பது மட்டும்தான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு மெஷின் நேர்மையாகப் பதில் சொல்லும்.

தினமும் பார்ப்பது தனக்கு நிம்மதி என்று சொல்லும் சிலர் எங்களிடம் இருக்கிறார்கள். எண் கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் அதே காலை உணவைச் சாப்பிடுகிறார்கள், அவர்களை நான் தடுப்பதில்லை. உங்களிடம் தடுப்பதற்குக் காரணம் நீங்களே எழுதிய ஒரு வரி: ‘கூடினால் அன்னைக்கு முட்டையை விட்டுடுவேன்.’ அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உங்களுக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இரண்டு இட்லியும் சாம்பாரும் வயிற்றை நிறைத்துவிடும், புரதம் 6, 7 கிராம்தான் தரும். அதனால் முட்டை, மீன், தயிர், பனீர், சுண்டல்தான் முதலில், இட்லி பிறகு. புரதம் குறைந்தால் உடம்பு தசையைக் கரைத்துச் செலவழிக்கும். இந்த வகை அறுவைக்குப் பிறகு இழக்கும் எடையில் கால் பங்கு அளவுக்குக் கொழுப்பல்லாத திசுவாக இருப்பதுண்டு, புரதத்தை விட்டால் அது இன்னும் கூடும். தசை கரைந்தாலும் மெஷின் ‘குறைந்தது’ என்றுதான் காட்டும். அந்தக் குறைவு உங்களுக்கு நஷ்டம். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, 5 கிலோ அரிசிப் பையைத் தூக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது தசையின் கணக்கு.

அதே நோட்டில் இன்னொரு பக்கமும் வேண்டும். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு, மாதம் ஒருமுறை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), பி.பி., ரத்தத்தில் இரும்பு, பி12, வைட்டமின் டி. வளையல் எந்த அளவுக்கு இறங்கியது, ரவிக்கையை எத்தனை தடவை பிடித்துத் தைத்தீர்கள், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் நகராமலே இடம் போதுகிறதா, கால் நகத்தை நீங்களே குனிந்து வெட்ட முடிகிறதா. எங்களிடம் வந்த ஒரு பாட்டி, ‘கொலுசு பூட்ட மருமகளைக் கூப்பிடறதில்ல இப்போ’ என்றார். அவருடைய பதிவேட்டில் எடைக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைத்தேன்.

எந்த எண்ணுக்காகத் தேதி பார்க்காமல் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாந்தியோடு அல்லது கால் மரத்துப்போவதோடு எடை வேகமாகக் குறைந்தால் அன்றே வாருங்கள், அடுத்த எடை பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அடிமட்ட எடையிலிருந்து 4, 5 கிலோ ஏறி ஒரு மாதம் இறங்காமல் நின்றாலும் வாருங்கள், திட்ட மாட்டோம். முறுக்கு, பிஸ்கட், மிக்சர் போல வாயில் பொடியாகி நழுவிப் போகிறவை சின்ன இரைப்பையையும் ஏமாற்றிவிடும். மூன்று நாள் சாப்பாட்டை எழுதிக் கொண்டுவந்தாலே பாதி விடை தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. கால் வீங்கி எடை ஏறினால் அது வேறு விஷயம், டாக்டர் பார்க்க வேண்டும். கருத்தரிப்பதை அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்லியிருப்பார்கள், அதற்குப் பிறகு கருவுற்றால் எடை ஏறத்தான் வேண்டும். அந்த மாதங்களில் மெஷின் கிளினிக்கில் மட்டும் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். எண்ணைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, எடை பார்க்கும் முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இவற்றில் எதுவும் நடக்கிறதா? சாப்பாட்டின் இடத்துக்கு மது வந்திருக்கிறதா? அறுவைக்குப் பிறகு மது வேகமாக ஏறும், சிலருக்கு அது புதுச் சிக்கலாகிவிடுகிறது. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும் காலைகள் இருக்கின்றனவா? இருந்தால் எடைக் கணக்கெல்லாம் அப்புறம். உங்கள் அறுவைக் குழுவில் உள்ள மனநல நிபுணரை இந்த வாரமே பாருங்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம். இதெல்லாம் அறுவைக்குப் பிறகு சிலருக்கு வரும் விஷயங்கள்தான், சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

கணவர் மெஷினை ஒளித்துவைத்தது அக்கறையில்தான். ஆனால் அது வேலை செய்யாது, மெடிக்கல் ஷாப்பே அதற்குச் சாட்சி. யாரோ பறித்துக்கொண்டால் ஆசை கூடும், நீங்களே எடுத்துக்கொடுத்தால்தான் அடங்கும். ஆகவே அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இறக்கிக் கொடுங்க, பார்த்துட்டு நானே திரும்பத் தர்றேன். எண்ணைக் கேட்காதீங்க.’ முதல் இரண்டு வாரம் கை பரபரக்கும், புதன்கிழமை மிக மோசமாக இருக்கும். மெடிக்கல் ஷாப் இருக்கும் தெருவைத் தவிர்த்து இரண்டு வாரம் வேறு வழியில் நடங்கள்.

ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். டாக்டரிடம் முதலில் மெட்ஃபார்மின் நின்றதைச் சொல்லுங்கள், 86-ஐ அவரே மெஷினில் பார்த்துக்கொள்வார்.